பக்கத்துச் சீற்

நெடுங்கேணியில் ஏறினேன், ஏழரை பஸ்.
மாஸ்க் போட்டது நான் ஒருத்தன்தான்.

பின்சீற்றில் யாரோ சொல்கிறார்:
"எங்களுக்கு ஒண்டும் செய்யாது.
கிட்னிக்காரர், கிழடுகள்,
சும்மாவும் போகக்கூடியதுகளைத்தான் கொண்டுபோகும்."
சிரிப்பு. பிறகு இருமல்.

நான் திரும்பவில்லை.
நீளக்கைச் சேட்டுக்குள்
ஊசி ஏறி ஏறிப் புடைத்த நரம்பு
குளவிக் கூடாய் இரைகிறது.
கிழமையில் மூன்று நாள் வவுனியா.
மகளுக்கு டிசம்பரில் ஓ.எல்.

பக்கத்தில் இருந்த மனுசி
மாஸ்க்கையே பார்த்துவிட்டுக் கேட்கிறா:
"தம்பி, உமக்கு அந்த வருத்தமோ?"
நான் வாய் திறக்க முன்னமே
கூடையோடு எழும்பிப் போய்
இருமுகிறவருக்குப் பக்கத்தில் இருந்தா.

நல்லது.
புளியங்குளம் வரும்வரை
சீற்றில் என்னோடு காற்று மட்டும்.
யன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.