ஒண்ணுமில்ல, விடுங்க

அடுப்படியில் நின்றபடியே
‘ஒரு கட்டு மல்லி வாங்கிட்டு வாங்க’ என்றேன்.
மூன்றாம் மாடி ஹேமாவதி
‘எனக்கும் ஒரு கட்டு’ என்றாள்.
கூடத்தில் இருந்தவர்
பேப்பரைத் திருப்பினார்.

இருபத்திரண்டு வருடம்
அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ்.
தகட்டை வெட்டிய மெஷின்
காதையும் கொஞ்சம் வெட்டிக்கொண்டது.
முதலில் குக்கர் விசில் போனது.
அப்புறம் பெங்களூரிலிருந்து பேசும் மகளின் குரல்.
உயிரெழுத்து கேட்கும்மா,
மெய்யெழுத்துதான் தப்பிப் போகும் என்றார் டாக்டர்.
மெய் இல்லாமல்
எத்தனை வருடம் பேசியிருக்கிறேன் இவரிடம்!

காதுக்கருவி வாங்கினோம், தவணையில்.
அது எல்லாவற்றையும் ஒரே தராசில் அள்ளிப் போட்டது:
மிக்ஸி, ஃபேன்,
கொரட்டூரில் நிற்காமல் ஓடும் எக்ஸ்பிரஸ்,
அடியில் எங்கேயோ நான்.

அதனால் கத்தினேன்.
ஒருநாள் பீரோக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன்.
நெரிந்த புருவம், புடைத்த கழுத்து.
சத்தம் போய்ச் சேரவில்லை,
கோபம் மட்டும் ஒழுங்காகப் போயிருக்கிறது
தினமும் மூன்று வேளை.
கேட்டதென்னவோ
சாம்பாரில் உப்பு போதுமா என்றுதான்.

இப்போது ஈரக் கையைத் துடைத்துவிட்டு
கூடத்துக்கே போகிறேன்.
ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தால்
நான் வெறும் நிழல்,
அதனால் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, தோளைத் தொட்டு,
மல்லி என்கிறேன்.
‘பல்லியா? எங்கே?’
சுவரைத் தேடுகிறார்.
உதட்டுக்கு இரண்டும் ஒன்று.
பணமும் மணமும் ஒன்று, பாடும் மாடும் ஒன்று.
நூறு தடவை மல்லி என்றாலும்
நூறு பல்லிதான் ஓடும்.
‘கொத்துமல்லி. ரசத்துக்கு.’
‘அப்படிச் சொல்லேன்’ என்று
பையை எடுக்கிறார்.

இதெல்லாம் எனக்கு வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

பெரம்பூரில் என் தம்பி வீட்டு விருந்து.
பத்துப் பேர், பத்து வாய், வாய் நிறையப் பிரியாணி.
எல்லாரும் சிரித்தார்கள்.
இவரும் சிரித்தார்,
ஒரு நொடி தாமதமாக.
திரும்பும் ஆட்டோவில் கேட்டார்:
‘என்னத்துக்கு அப்படிச் சிரிச்சீங்க?’
எனக்குத் தூக்கம்.
‘ஒண்ணுமில்ல, விடுங்க.’

பாடி மேம்பாலம் ஏறி இறங்கும்வரை பேசவில்லை.
பிறகு வெளியே பார்த்தபடி:
‘ரெண்டு மணி நேரம் எல்லாருக்கும் ஏதோ இருந்துச்சு.
எனக்கு மட்டும் ஒண்ணுமில்லையா?’

வீட்டுக்கு வந்தால் மழை, கரண்ட் இல்லை.
இருட்டில் எனக்கு வாயே கிடையாது.
போன் டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்தேன்.
‘பேய் மாதிரி இருக்கே.’
பக்கவாட்டில் பிடித்தேன்.
தம்பி கதையைச் சொன்னேன்:
வேறொருவர் ஸ்கூட்டரைத் தன்னுடையதென்று
இரண்டு நாள் ஓட்டி,
பெட்ரோலும் போட்டு,
பஞ்சரும் ஒட்டி,
மூன்றாம் நாள் சாவி பொருந்தாத தன் வண்டியை
அதே நிழலில் பார்த்தது வரை.
அவசரப்படாமல்,
ஒவ்வொரு சொல்லையும் வெளிச்சத்தில் வைத்து.

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கல்யாணமான புதிதில்கூட
இப்படிப் பார்த்ததில்லை.

முடித்ததும் கொஞ்சம் யோசித்தார்.
‘இதுக்கா
அவ்வளவு சிரிச்சீங்க?’