ஏழே கால் கிலோ

மின்கட்டண ரசீதின் முதுகில்
உமையாள் நான்கு கட்டம் போட்டாள்.
வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு.
போக வர ஆகும் நாட்களைக்
கட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டாள்,
வாசலில் செருப்பை விடுவதுபோல.

நான்கு நாளுக்கு இத்தனை தூரமா என்று
யாரும் கேட்கவில்லை.
யாரிடமும் நாங்கள் சொல்லவில்லை.

ஜெனோவா.
ஊரே மாடிப்படியாம்.
தெருவுக்கும் தெருவுக்கும் நடுவே
லிஃப்ட் வைத்திருக்கிறார்களாம்.
என் முழங்காலுக்காகவே கட்டிய ஊர்.
மதுரை ஏஜென்ட் பையன் போனில் சிரித்தான்:
‘ஆச்சி, உங்க வீட்டுத் தரைக்கல்லே இத்தாலிதானே?’
‘கல்லு வந்துச்சு தம்பி,
நாங்க போனதில்லை’ என்றாள்.

அறை வாடகையில் தகராறு.
கடல் தெரியும் ஜன்னலுக்கு
ராத்திரிக்கு நாற்பது யூரோ கூடுதல்.
‘ராத்திரியில் கடல் தெரியுமா?’ என்றேன்.
‘கேட்கும்’ என்றாள்.
ரசீதின் ஓரத்தில் நாற்பதைத் தொண்ணூற்றைந்தால் பெருக்கினாள்,
அடித்தாள், மறுபடி பெருக்கினாள்.
சனிக்கிழமை ஒரு ராத்திரி மட்டும் என்று முடிந்தது.

செக்காலை ரோட்டு ஜெராக்ஸ் கடையில்
ஆறு மாத வங்கிக் கணக்கு, பதினேழு பக்கம்.
பால், கேஸ், ஏலச்சீட்டு,
மூட்டு டாக்டர், மறுபடி மூட்டு டாக்டர்,
ஆடித் தள்ளுபடியில் எடுத்து
இன்னும் கட்டாத சேலை.
முகம் தெரியாத ஓர் அதிகாரி
என்னை முழுசாகப் படிக்கப்போகிறார்.
இதுவரை யாரும் படித்ததில்லை.

கடைப் பெண் தாள்களை அடுக்கியபடி கேட்டாள்:
‘மத்தியதரைக் கடல்னா என்னக்கா?
கடலுக்கு நடுவுல தரையா,
தரைக்கு நடுவுல கடலா?’
‘தரைக்கு நடுவுல கடல்.’
‘அப்பக் கண்மாய்னு சொல்லுங்க.’

விண்ணப்பத்தோடு ஒரு கடிதமும் வேண்டுமாம்:
திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆதாரம்.
நான் எழுதினேன்:
அரசு மருத்துவமனை, ரத்த வங்கி,
இருபத்து மூன்று ஆண்டு.
உமையாள் எழுதினாள்:
பூர்வீக வீட்டில் பதினெட்டில் ஒரு பங்கு.
‘பதினெட்டில் ஒன்றுக்காக யாராவது திரும்பி வருவாங்களா?’
‘நான் வருவேன்.
வராட்டி மத்த பதினேழும் பூட்டை மாத்திரும்.’

கடலை நான் ஐந்து முறை பார்த்திருக்கிறேன்.
ஐந்து முறையும் யாரோ செத்திருந்தார்கள்.
தேவிபட்டினம், ராமேஸ்வரம்,
மறுபடி ராமேஸ்வரம்.
கிழக்கே பார்த்து நிற்கச் சொல்வார்கள்,
எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் ஒழுகும்,
மூன்று முழுக்கு.
அலையைப் பார்க்க நேரமிருக்காது.
வேன்காரர் ஹாரன் அடிப்பார்.
சீட்டில் பிளாஸ்டிக் விரித்து
ஈரத்தோடு உட்கார்ந்தால்
திருவாடானை தாண்டும்வரை
உப்பு உடம்பில் இழுக்கும்.

உமையாளுக்கு ஆறு முறை.
ஆறாவது யாருக்கென்று
எனக்குத் தெரியும், பேசமாட்டோம்.

அதனால் வெள்ளிக்கிழமைக் கட்டத்தில்
எதுவும் எழுதவில்லை.
அருங்காட்சியகம் இருக்கிறது, பெரிய தேவாலயம் இருக்கிறது,
பையன் அனுப்பிய பட்டியல் இரண்டு பக்கம் இருக்கிறது.
கூழாங்கல் கரையாம், மணல் ஒட்டாதாம்.
காலை நீட்டி உட்காரலாம்.
அந்தத் தண்ணீரில்
எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

திங்கட்கிழமை, சந்தை முடிந்த வழியில்
பழைய இரும்புக் கடைத் தராசில்
புதுப்பெட்டியை ஏற்றினோம்.
கைப்பெட்டிக்குப் பத்துக் கிலோதான் அனுமதி.
கடைக்காரர் முள்ளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.
‘ரெண்டே முக்கால்.
விக்கவாம்மா? உள்ள ஒண்ணுமில்லையே?’

‘இன்னும் இல்லை’ என்றாள் உமையாள்.
மீதி ஏழே கால்.
அதற்குள் அவள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்:
ஒரு துண்டு, பருப்புப் பொடி,
முழங்கால் தைலம் நூறு மில்லிக்கு மேல் கூடாது,
பிறகு, என் முகத்தைப் பார்க்காமல்,
‘நைட்டியோடு இறங்கினா
அங்க ஏதும் சொல்லுவாங்களாடி?’