ஐந்து கிராம்

ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள் எபிஷர் அம்மா.
ஐந்து மாதத் தலை, வலப்பக்கம் சப்பையாய்,
பலகையில் மறந்துபோய் விட்ட மாவுருண்டை போல.

அவள் ஒன்றுமே செய்யவில்லை.
இரண்டு விரலைப் பிடரிக்குக் கீழே கொடுத்து
கண்ணை மூடிக்கொண்டாள்.
ஐந்து கிராம் பாரம், அவ்வளவுதான் என்றாள்.
ஐந்து கிராமுக்கு நூற்றி நாற்பது பிராங்.
நான் வெதுப்பகத்தில் ஈஸ்ட் நிறுக்கிறவன்.

அபிரா அழவில்லை. கொட்டாவி விட்டாள்.
ஹீட்டர் குழாயில் தண்ணீர் களகளத்தது.
பிரதாயினி என் முழங்கையைக் கிள்ளினாள்:
சும்மா இருங்கோ.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள் அந்த அம்மா,
தொட்டிலுக்கு வலப்பக்கம் என்ன இருக்கிறது?
அலுமாரி என்றேன்.
கதவு, என்றாள் பிரதாயினி, தமிழில்.
நீங்கள் விடிய ஆறு மணிக்கு வாற கதவு.
லிப்ட் சத்தம் கேட்டாலே
பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

அதை நான் டொச்சில் மாற்றிச் சொல்லவில்லை.

அன்றிரவே தொட்டிலைத் தலைமாறிப் போட்டோம்.
அடுத்த வியாழனும் போவோம்தான்,
நேரம் எடுத்தாயிற்று.

காலையில் வந்தேன், நகத்தில் மாவு காய்ந்திருக்க.
விழித்துக்கொண்டு
வெறும் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்
பழைய பக்கமே,
இன்னும் கதவு வரவில்லையே என்பதுபோல.

உள்ளே போகாமல்
சாவிக்கொத்தை ஒருதரம் ஆட்டினேன்.
பிறகு,
இன்னொரு தரம்.