இறகோடு வேண்டும்

பாயான் பாரு சந்தை, காலை ஆறரை.
"கறிக்கா, சூப்புக்கா?" என்கிறார் கோழிக்காரர் தியோ.
இரண்டுக்கும் இல்லை. அறுத்தால் போதும்,
உரிக்க வேண்டாம். இறகோடு வேண்டும்.
ஒரு கிலோ எண்ணூற்றைம்பது,
பத்து கிராம் கூடலாம், குறையக் கூடாது.
ஐந்தாவது கோழிதான் தராசுக்கு ஒத்து வந்தது.
"சாமிக்கா?" என்றார் கடைசியில்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.
இருபத்தாறு வெள்ளி. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
கணக்குப் பிரிவில் இன்னும் கேட்கிறார்கள்.

நாலு வருடம் வரைந்த விசிறி அது.
பதினெட்டு இதழ்கள்,
கரியிழையை அடுக்கி அடுக்கி வேகவைத்தவை,
விளிம்பில் மட்டும் தைட்டானியம்.
நுனிச் சாய்வில் ஓர் அரைப் பாகைக்காக
நானும் தர்மாம்பிகையும்
மூன்று மாதம் முகம் பார்த்துப் பேசவில்லை.
அவள் சொன்ன கோணத்தில்தான் வார்த்தோம்.

பிற்பகல் இரண்டு பத்து.
கண்ணாடிக்குப் பின்னால் ஏழு பேர்.
சுற்றத் தொடங்கும்போது இதழ்கள் தெரியும்,
பிறகு இதழ்கள் போய் வட்டம்,
பிறகு வட்டமும் போய்
பின்னாலிருக்கும் சுவர்.
காலையில் என் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது
காற்றுத் துப்பாக்கிக்குள் காத்திருந்தது.
ஃபிக்ரி எண்ணினான். மூன்று, இரண்டு.
ஒன்று யாருக்கும் கேட்கவில்லை.

நொடிக்கு இருபதாயிரம் படம்.
மெல்ல ஓட்டிப் பார்த்தோம்.
முதல் இதழ் வளைகிறது
ரொட்டி சானாய் வீசுபவர் கையில் மாவு மாதிரி,
வளைந்து திரும்புகிறது.
இரண்டாவதன் நுனி உதிர்கிறது.
மூன்றாவது தாங்குகிறது.
நாலாவதுக்கு மிச்சமில்லை.
கோழி எங்கே என்று பின்னோக்கித் தேடினால்
ஒரே ஒரு படத்தில்
முழுதாக, சிறகு விரித்து இருக்கிறது.
வாழ்நாளில் பறக்காதது.

உந்துவிசை பாதிக்குக் கீழே இறங்கவில்லை.
இருபது நிமிடம் ஓடி
நாங்கள் நிறுத்தித்தான் நின்றது.
கைதட்டினார்கள். அறை முழுக்கத் தீய்ந்த இறகு நெடி.
படிவத்தில் 'இனம்' என்ற கட்டத்தில்
வீட்டுக்கோழி என்று எழுதினேன்.
'எந்த உயரத்தில்' என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டேன்.

மாலை, வண்டி நிறுத்துமிடம்.
உதிர்ந்த நுனியைப் பையில் போட்டுக்கொண்டு
தர்மாம்பிகை சாவி தேடுகிறாள்.
"அந்த அரைப் பாகை," என்று ஆரம்பித்தேன்.
கடல் பக்கமிருந்து ஒரு விமானம் சக்கரம் இறக்கித்
தலைக்கு மேலே போயிற்று.
கூரையிலிருந்து மைனாக்கள் எழுந்தன,
இருவரும் ஒரே நேரத்தில் எண்ணினோம். பதினொன்று.
"என்ன சொன்னே?"
"மைனா," என்றேன்.