புதன்கிழமைக் கேள்விகள்

புதன் காலை பத்தரைக்கு
மர்டோ கெடிஸை அழைப்பேன்.
நாலாவது மணியில்தான் எடுப்பார்.
நாற்காலியிலிருந்து தொலைபேசி
அவருக்கு மூன்று மணியோசைத் தூரம்.

தாளில் உள்ளதை உள்ளபடி கேட்க வேண்டும் நான்:
கடந்த ஏழு நாளில் வலி வழக்கத்தைவிட ஏறியதா?
ஏறியது ஒரு நாளுக்கு மேல் நின்றதா?
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை?

"வழக்கம் நாலு," என்பார், மீன் விலை சொல்வதுபோல.
"வெள்ளி எட்டு. சனி எட்டு.
ஞாயிறு, துடைப்பக் கட்டையை ஊன்றிக்கொண்டு
கழிப்பறைக்குப் போனேன்.
அதற்கு எண் வைத்திருக்கிறீர்களா?"

இல்லை.
எட்டு என்று எழுதினேன்.

முப்பத்தெட்டு வருடம் கம்பளம் விரித்தவர்,
டனீடனின் செங்குத்துத் தெருக்களில்
சுவர் முதல் சுவர் வரை.
கம்பளத்தை இழுத்துப் பிடிக்க ஒரு கருவி உண்டாம்:
முன்னால் பற்கள், பின்னால் திண்டு.
திண்டை முட்டியால் இடிக்க வேண்டும்.
ஓர் அறைக்கு நூற்றிருபது இடி.
"நீங்களே பெருக்கிப் பாருங்கள்.
நான் பெருக்கியதில்லை, பயம்."

காற்றின் மேல்தான் அவருக்குச் சந்தேகம்.
தெற்கிலிருந்து வருவதெல்லாம் தென்றல் அல்ல இந்த ஊரில்;
பனிப்பாறையைத் தொட்டுவிட்டு நேராக வீட்டுக்குள் வரும்.
வானொலி சொன்ன மழையையெல்லாம்
சமையலறைக் காலண்டரில் நீல மையால் குறித்தார்,
வலியைச் சிவப்பில்.

ஏப்ரலில் கணக்கு உதைத்தது.
நாலு நாள் விடாத மழை, முட்டி தூங்கியது.
பிறகு பளிச்சென்று வெயில்.
வியாழன், ஒன்பது.

"வெயிலில் என்ன செய்தீர்கள்?"
தாளில் இல்லாத கேள்வி.
மேலாளரின் அறை கண்ணாடி அறை;
வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டேன்.

தாள் புரளும் சத்தம்.
"செவ்வாய், வலி இரண்டு.
இரண்டு! ஒரு வருடத்தில் முதல் தடவை.
ஏணி எடுத்தேன், கூரை வடிகாலில் இலை அள்ளினேன்.
பக்கத்து வீட்டு நோயலீனுக்கு விறகு ஏற்றித் தந்தேன்.
துறைமுகம் வரை நடந்து
திரும்பி மேடு ஏறி..."
நின்றார்.
"அடப் பாவி," என்றார்,
என்னிடம் அல்ல.

மூட்டு என்ற சொல்லுக்குள்ளேயே நெருப்பு இருக்கிறது.
எலும்பும் எலும்பும் கூடும் இடமும் மூட்டு,
அடுப்பை மூட்டு என்றாலும் அதே எழுத்து.
யார் மூட்டியது என்று
எரிந்த நாளின் சாம்பலைத் தோண்டிக்கொண்டிருந்தோம்.
தீப்பெட்டி கிடந்ததோ
இரண்டு நாள் தள்ளி,
சீட்டியடித்துக்கொண்டு போன ஒரு செவ்வாயின் சட்டைப்பையில்.

ஆய்வாளர் தவிதாவிடம் ஓடினேன்.
"ஒரு முட்டி ஆய்வாகாது," என்றார். "ஆனாலும் எழுதி வையுங்கள்."
அவர் சொன்னதும் சரிதான்.
மோஸ்கீலில் ஹினேமோவா இருக்கிறார்,
படுக்கையில் படித்துக்கொண்டிருந்தபோது ஏழு.
முந்தைய நாள் ஒன்றுமில்லை,
அதற்கு முந்தைய நாளும் ஒன்றுமில்லை.
"காரணம் கேட்காதீர்கள்," என்றார்,
"எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது."

ஆகஸ்ட்.
"இந்த வாரம் இரண்டு," என்றார் மர்டோ.
"வடிகாலில் பாதி முடித்தேன். மீதி வெள்ளிக்கு.
ஏணியைப் பூட்டி
சாவியை நோயலீனிடம் கொடுத்துவிட்டேன்."

பிறகு, குரலைத் தாழ்த்தி:
"சனிக்கிழமை மகள் ஷோனாவின் புது வீட்டில் ஒரு சின்ன அறை.
கம்பளம் நான்தான் விரிக்கிறேன்.
முட்டி போட்டுத்தான்.
அடுத்த புதனுக்கு எட்டு என்று
இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்."

வரப்போகும் வலிக்குத் தாளில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

அடுத்த புதன்
ஏழு மணியோசை வரை காத்திருந்தேன்.

"ஒன்பது," என்றார், நான் வாய் திறப்பதற்குள்.
"மூலையில் ஒரு சுருக்கம்கூட இல்லை."