பார்த்துவிட்டு வந்தோம்

கீழ்வேளூர் தாண்டி இறங்கினோம்.
டை கட்டிய ஒருவர்
ஏசி அரங்கைத் திறந்து காட்டினார்,
உறை பிரிக்காத கம்ப்யூட்டர்களை,
யாரும் நீந்தாத நீச்சல்குளத்தை.

அப்பா எதுவும் கேட்கவில்லை.
குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.
"உப்பு."
அவ்வளவுதான்.

விடுதிக் கழிவறைக் கதவின் பின்புறம்
பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்:
ஏழு மணிக்கு மேல தண்ணி வராது.
மாடி வாளி ஓட்டை.
சகாயமேரி அக்காகிட்ட கேளு, குடுப்பாங்க.

திரும்பும் பேருந்தில்
அம்மா போனில் கேட்டாள், எப்படி இருக்கு?
பெரிசா இருக்கு என்றேன்.

கொரடாச்சேரி வரைக்கும்
ஜூன் மாத வாய்க்கால்கள்,
இன்னும் தண்ணீர் வந்து சேராமல்.
அட்மிஷன் படிவத்தை நாலாக மடித்து
பிரித்து
மறுபடி மடித்துக்கொண்டிருந்தார் அப்பா.

நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்:
சகாயமேரி அக்கா,
எனக்கு ஒரு வாளி.