நுழைவு முத்திரை

போர்ட் லூயிஸ். நான்காம் கொட்டகை.
ஒன்பது மணிக்கே தகரக்கூரை கொதிக்கிறது.
சூரைக் கப்பலிலிருந்து இருபத்துமூன்று பேர்;
நுழைவு, நுழைவு என்று குத்திக்கொண்டே வந்தேன்.

பதினேழாவது ஆள் ஷுர்ஷோ, கலீசியாக்காரன்.
மையைப் பார்த்துச் சிரித்தான்.
"இன்று எங்கள் மலையில்
இதே சொல்தான் திருவிழா. என்ட்ரோய்டோ."

உப்பில் ஊறிய பிரெஞ்சு, மீதியைக் கையால் சொன்னான்.
லத்தீன்காரன் வாசலில் விட்டுப்போன
இன்ட்ராயிட்டுஸ்,
நுழைதல்,
வாய்மாறி வாய்மாறித் தேய்ந்து இப்படி ஆயிற்றாம்.
முகமூடி போட்டு, இடுப்பில் மாட்டுமணி கட்டி,
எறும்பு கலந்த மண்ணை வாரி
எதிர்ப்படுகிறவன்மேல் எறிவார்களாம்.
அப்புறம் நாற்பது நாள் நோன்பு.

"கார்னிவல்தானே?"
"இல்லை. அது இறைச்சியை வழியனுப்புகிற சொல்.
நாங்கள் போவதைப் பேசுவதில்லை."

நாங்களும்தான்,
படியிறங்கும்போது வருகிறேன் என்போம்.
சொல்ல வாயெடுத்தேன்;
பின்னால் வரிசை முணுமுணுத்தது.

காவடி விரதத்துக்கு முந்தைய இரவு
சாக்குக்கணவாய் விந்தாயை
ரொட்டியால் வழித்து வழித்துத் தின்போம்.
மிச்சம் வைக்கக் கூடாதென்று
மருதமுத்து மூன்றாம் முறை உட்காருவார்.
சட்டியைச் சாம்பலிட்டுத் தேய்த்துக் கவிழ்ப்பேன்.
விரதத்துக்குப் பெயர் உண்டு, பூசத்துக்கு உண்டு,
மாதத்துக்குக்கூடப் பிறப்பு உண்டு.
அந்த இரவுக்கு
நாங்கள் எதுவும் வைக்கவில்லை.

அவன் மையை ஊதி உலர்த்திக்கொண்டு போனான்.

வெளியேறும் முத்திரை இழுப்பறையில் கிடக்கிறது.
காலையில் நான்தான் திருகிவைத்தேன்,
இரண்டிலும் ஒரே தேதி.